கோச்சிங் ஃபீஸுக்குப் பலன் எதில் தெரியும்?

மந்தைவெளிப் பக்கம் மாலை ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறக்கும் அம்மாக்களைப் பார்க்கலாம். பாட்டு, கீபோர்டு, செஸ் என்று ஏதாவது ஒரு கிளாஸ். மாதக் கடைசியில் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: “இவ்வளவு ஃபீஸ் கட்டறோமே, பலன் இருக்கா?”

நியாயமான கேள்விதான். செஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். அதில் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. அர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த ரேட்டிங் முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. இன்றும் அதுதான் கணக்கு.

அப்படியானால் ரேட்டிங் ஏறினால் கோச் கெட்டிக்காரர், இறங்கினால் மாற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2300-க்குக் கீழே ரேட்டிங் உள்ள சிறுவர்கள், சம பலமுள்ள ஒருவரை வென்றால் 20 புள்ளி ஏறும்; தோற்றால் 20 இறங்கும். 2400-ஐத் தொட்டவருக்கு அதே வெற்றியில் கிடைப்பது 5 புள்ளிதான். ஆக, காய்ச்சலோடு விளையாடிய ஒரு போட்டியிலேயே உங்கள் பிள்ளைக்கு 60 புள்ளி போகலாம். அது கோச்சின் குற்றமா?

நம் சென்னைப் பையன் குகேஷ் 2019 ஜனவரியில், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. எஞ்சின் விடையைச் சொல்லிவிடும். பிள்ளை தானாக யோசிக்கப் பழக வேண்டும் அல்லவா? இப்படிப்பட்ட பயிற்சியின் பலனை மாதாமாதம் எண்ணிப் பார்க்க முடியாது. 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

அணி என்று வந்தால் கணக்கே வேறு. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியா ‘பி’ அணிக்கு ஆர்.பி.ரமேஷ் கோச். முதல் போர்டில் ஆடிய குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். தனிநபர் தங்கம் அவருக்கே. ஆனால் பத்தாவது சுற்றில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் இழந்தார். அணிக்கு வெண்கலம், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. இரண்டே வருடம் கழித்து புடாபெஸ்டில், சென்னைக்காரரான ஸ்ரீநாத் நாராயணன் கேப்டனாக இருக்க, இந்திய அணி 22-க்கு 21 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது. ஐந்து பேரில் ஒரு சுற்றுக்கு நாலு பேர்தான் ஆடலாம். இன்று யார் உட்கார்வது, யார் டிராவோடு திருப்தி அடைவது என்று முடிவு செய்வதும், அதை மனக்கசப்பு இல்லாமல் ஏற்க வைப்பதும் கேப்டன் வேலை. எந்த ரேட்டிங் பட்டியலிலும் இது வராது.

சரி, வீட்டில் நாம் எதைப் பார்ப்பது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போட்டியில் பிள்ளை எழுதிவரும் ஸ்கோர் ஷீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கடைசிப் பத்து ஆட்டங்களில் அதே தவறு எத்தனை முறை வந்தது என்று கோச்சையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. ரேட்டிங் பின்னாலேயே வரும். ஆறு மாதமாகியும் அதே தவறு அப்படியே இருந்தால், கோச்சிடம் தயங்காமல் பேசலாம்.

இன்னொன்று: தோற்ற மறுநாள் பிள்ளை தானாகப் போர்டை எடுத்து அந்த ஆட்டத்தை அடுக்கிப் பார்க்கிறதா, இல்லை ரேட்டிங் இறங்கிவிடும் என்று அடுத்த போட்டிக்கே வர மாட்டேன் என்கிறதா? முதலாவது என்றால் ஃபீஸ் வீணாகவில்லை. இரண்டாவது என்றால் கோச்சைக் கேட்பதற்கு முன், வீட்டில் நாம் தினமும் என்ன கேட்கிறோம் என்று யோசியுங்கள். “ஜெயிச்சியா?” என்பதற்குப் பதில் “இன்னிக்கு என்ன புதுசா தெரிஞ்சுது?” என்று கேட்டுப் பாருங்களேன். அதற்கு ஃபீஸ் கிடையாது!