சீறாத கடவுள் மேல் ஏன் பழி?

‘பிரின்சஸ் மோனோனோக்கே’ பற்றிப் பேச்சு வந்தால் போதும், எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நாகரிகத்தை வெறுக்கும் காட்டுக் கடவுள், காட்டை அழிக்கும் மனித குலம், முடிவில் கடவுளின் சீற்றமும் மனிதருக்குத் தண்டனையும். ஹயாவ் மியசாகி 1997இல் எடுத்த இந்த ஜப்பானிய அனிமேஷன் படம் ‘இயற்கை பழிவாங்கும்’ என்னும் நீதிக்கதையாகவே ஊர் ஊராக உலவுகிறது. படத்தைச் சரியாகப் பார்க்காததால் வந்த வினை இது. அதைவிட மோசம், இந்த நம்பிக்கை குற்றவாளிகளுக்கு வசதியாக இருப்பது.

ஷிஷிகாமி என்ற அந்தக் கடவுள் என்ன செய்கிறது என்று பாருங்கள். மான் உடலும் மனித முகமுமாக வரும் அது படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதன் காலடியில் செடி முளைக்கிறது, முளைத்த வேகத்திலேயே வாடுகிறது. குண்டு பட்டுச் சாகக் கிடக்கும் கதாநாயகன் அஷிடாகாவைப் பிழைக்கவைக்கிறது. அவன் கையில் ஏறியிருக்கும் சாபத்தையோ அப்படியே விட்டுவிடுகிறது. காட்டுக்காகப் போரிட்ட பன்றித் தெய்வம் ஒக்கோடோவின் உயிரையும், ஓநாய்த் தெய்வம் மோரோவின் உயிரையும் எடுப்பது இதே கடவுள்தான். நாகரிகத்தின் எதிரி தன் படைத்தலைவர்களையே ஏன் சாய்க்க வேண்டும்?

இரும்பூரை ஆளும் எபோஷி ஷிஷிகாமியின் தலையைச் சுட்டு வீழ்த்திய பிறகு, தலையில்லாத உடலிலிருந்து பெருகும் திரவம் இரும்பு உலையை மட்டும் அழிக்கவில்லை. மரங்களும் மரங்களில் வாழும் கொடாமா என்னும் குட்டி ஆவிகளும் சேர்ந்தே மடிகின்றன. இது தண்டனை என்றால் காடு செய்த குற்றம் என்ன? சுட்ட எபோஷி உயிரோடுதான் இருக்கிறாள். அவள் கையைக் கடித்துத் துண்டித்தது மோரோவின் தலை, கடவுள் அல்ல.

‘அப்படியானால் படத்தில் வெறுப்பே இல்லையா?’ என்று கேட்பார்கள். இருக்கிறது. பன்றிகளிடம் இருக்கிறது, மோரோவிடம் இருக்கிறது, ஓநாய் வளர்த்த பெண் சானிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வெறுப்பு எங்கே போய் முடிகிறது? உடலில் இரும்புக் குண்டு தைத்த நாகோ என்ற பன்றித் தெய்வம் வலியாலும் மரண பயத்தாலும் வெறிகொண்டு, சாப உருவாகிப் பாய்கிறது. பாய்வது தன்னைச் சுட்டவர்கள் மீதல்ல; தூர தேசத்தில், எந்தப் பாவமும் அறியாத எமிஷி கிராமத்தின் மீது. மோரோவின் உடலிலும் அதே குண்டு இருக்கிறது. அவள் சாவை ஏற்றுக்கொண்டவள், அதனால் வெறிகொள்ளவில்லை. பழிவாங்கும் தெய்வத்தைப் படம் ஒரு நோயாகவே காட்டுகிறது. நம்மவர்கள் அந்த நோயையே படத்தின் நீதி என்கிறார்கள்.

அடுத்தது, ‘மனித குலம்’ என்ற பொத்தாம் பொதுவான குற்றவாளி. இரும்பூரில் துருத்தி மிதிப்பவர்கள் விபசார விடுதிகளிலிருந்து எபோஷி மீட்டுவந்த பெண்கள். துப்பாக்கி செய்பவர்கள் ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகள். ஜப்பானில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த சட்டம் ரத்தானதே 1996இல்தான், படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில். கடவுளின் தலையைக் கேட்பது இவர்களா? சாகாவரம் வேண்டி அரண்மனை கேட்கிறது. ஜிகோ என்ற தந்திரக்காரத் துறவி அதற்காக ஆள் திரட்டுகிறான். எபோஷி தன் கணக்கை வைத்துக்கொண்டு உடன்படுகிறாள். துருத்தி மிதித்தவளையும் பேரரசரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நியாயம் அல்ல.

இரும்பு உருக்கினாலே காட்டுக்குப் பகை என்பதும் வரலாறு அறியாத பேச்சு. ஜப்பானின் இசுமோ பகுதியில் இருந்த தத்தாரா என்னும் இரும்பு உலைகளுக்கு இரும்பு மணலும் மரக்கரியும் மலைமலையாக வேண்டியிருந்தது. அங்கே உலை நடத்திய குடும்பங்கள், வெட்டிய காடு திரும்ப வளர ஏறக்குறைய 30 ஆண்டு விட்டு, முறைவைத்து வெட்டின. மணல் அரித்ததில் ஆறுகள் மேடாகிக் கீழூர்க்காரர்கள் அவதிப்பட்டதும் உண்மை. நன்மை, தீமை இரண்டையும் முடிவு செய்தவர்கள் மனிதர்கள்தான்; எந்தத் தெய்வத்தின் கோபமும் அல்ல.

ஒரு சினிமாவுக்கு இத்தனை வாதமா என்பவர்கள் 2011ஐ நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து 15,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்றே நாளில் டோக்கியோ ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாரா, ஜப்பானியரின் சுயநலத்துக்கு வந்த தெய்வ தண்டனை இது என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். பூமித் தட்டுகள் நகர்ந்ததற்கு மீனவர் யாரும் காரணம் இல்லை. ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் கதையோ வேறு. அங்கே 15 மீட்டருக்கும் உயரமான அலை வரக்கூடும் என்று உலையை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் உள் கணக்கீடே 2008இல் காட்டியிருந்தது, தடுப்பு எழவில்லை. நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. அரசும் கண்காணிப்பு அமைப்பும் நிறுவனமும் கைகோத்திருந்ததே காரணம் என்றது. தெய்வ தண்டனை என்று விட்டிருந்தால் அந்த 2008 கணக்கீட்டை யார் கேட்டிருப்பார்கள்?

சீறும் இயற்கை என்ற நம்பிக்கை பணிவுபோலத் தோன்றும். உண்மையில் அது பொறுப்பைக் கைகழுவும் வழி. எல்லோரும் பாவிகள் என்றால் யாரும் குற்றவாளி இல்லை. மியசாகியின் அஷிடாகா காட்டுக்குள் போய்த் தவம் இருக்கவில்லை. இடிந்த இரும்பூரிலேயே தங்கி வேலை செய்யப்போகிறான், எபோஷியும் நல்ல ஊராக மீண்டும் கட்டுவோம் என்கிறாள். ஆகவே, ‘இயற்கை பழிவாங்கிவிட்டது’ என்று யாராவது அடுத்தமுறை தத்துவம் பேசினால், கையெழுத்துப் போட்டவர் யார், எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டவர் யார், லாபம் யாருக்குப் போனது என்று கேளுங்கள்.