சிறைமேடையும் பார்வையாளரின் பொறுப்பும்

ஒடுக்குமுறையைச் சாடும் நாடகம் பார்வையாளரிடம் இரக்கத்தை எழுப்புவதோடு நின்றுவிட்டால், அது ஒடுக்குவோருக்கு எவ்விதத் தொல்லையும் தருவதில்லை; கலங்கிய கண்களோடு வெளியேறுபவர், அந்தக் கலக்கத்தாலேயே தம் கடமை முடிந்துவிட்டதாக நிறைவடைந்துவிடக்கூடும். பார்வையாளரைச் சாட்சியாக நிறுத்தி, அநீதியில் அவருக்குள்ள பங்கு என்ன என்று வினவும் நாடகமுறையே எதிர்கொள் அரங்கு எனத் தகும். அந்த வினா எவ்வாறு எழுப்பப்பட வேண்டும் என்பதற்கு, தென்னாப்பிரிக்க நாடகமான 'தி ஐலண்ட்' வலுவான சான்றாக விளங்குகிறது.

அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் நிட்சோனா ஆகிய மூவரும் கூட்டாக உருவாக்கிய இந்நாடகம், 1973இல் கேப் டவுன் நகரின் 'ஸ்பேஸ்' அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. சிறைநிலைமைகளைப் பற்றிய செய்திகளை நாட்டின் சிறைச்சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்ததால், தொடக்கத்தில் வேறொரு பெயரில் அரங்கேறிய இது, நிறவெறி அரசு தன் அரசியல் எதிரிகளை அடைத்து வைத்திருந்த ராபன் தீவின் அன்றாடத்தை மேடைக்குக் கொண்டுவந்தது.

நாடகம் உரையாடலோடு தொடங்குவதில்லை. மணலைத் தோண்டித் தள்ளுவண்டியில் நிரப்பி, சக கைதி தோண்டுமிடத்தில் கொட்டி, ஒருபோதும் தீராத அவ்வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும் இருவரின் சொல்லற்ற நடிப்பு நெடுநேரம் நீள்கிறது. பயனற்ற உழைப்பே தண்டனையாகும் கொடுமையை விளக்கவுரையால் அன்றி, கடந்துபோக மறுக்கும் காலத்தால் பார்வையாளர் உணர்கின்றனர்.

இந்த இரு கைதிகளும் சிறைக்குள் நிகழ்த்தவிருப்பது சோஃபக்ளீசின் 'ஆன்டிகனி'. அரசாணையை மீறித் தன் சகோதரனை அடக்கம் செய்து, அதற்காக உயிரோடு கல்லறையில் அடைக்கப்படும் பெண்ணின் கதை அது. ராபன் தீவில் அந்நாடகம் உண்மையிலேயே நடிக்கப்பட்டதும், அதில் கிரயோன் மன்னனாக நெல்சன் மண்டேலா நடித்ததும் வரலாறு. 'தி ஐலண்ட்' நாடகத்தின் இறுதிக் காட்சியில் கிரயோன் பேசத் தொடங்கும்போது, இருக்கைகளில் இருப்போர் சிறைக் காவலரும் கைதிகளுமான அவையினராக மாற்றப்படுகின்றனர். சட்டமும் நீதியும் ஒன்றா என்ற வழக்கு அவர்கள் முன்னிலையில்தான் நடக்கிறது. விலகி நின்று வேடிக்கை பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

இதே நோக்கில், அமெரிக்காவின் லிவிங் தியேட்டர் குழு 1963இல் மேடையேற்றிய 'தி பிரிக்', அமெரிக்க மரைன் படைச் சிறையின் ஒருநாள் ஒழுங்குமுறையை அதன் இரைச்சலோடும் அடியோடும் காட்டியது. சிறை மனிதரை எந்திரமாக்கும் விதத்தை அது அதிர்ச்சியோடு உணர்த்தியது. எனினும் வன்முறையை மட்டும் காட்டும் மேடையில், கைதி வெறும் காயம்பட்ட உடலாகச் சுருங்கும் இடர் உண்டு. 'தி ஐலண்ட்' கைதிகளோ, வெற்றுக் குவளையைத் தொலைபேசியாக்கி ஊராரோடு பேசிச் சிரிக்கின்றனர். ஒருவருடைய தண்டனை குறைக்கப்படும்போது, ஆயுள் தண்டனை பெற்ற மற்றவர் பொறாமையால் வெதும்புகிறார். முழு மனிதராக அவர்களை அறிந்தபின் அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியை ஏற்பது கடினமாகிறது.

நியூயார்க்கில் 1975இல் டோனி விருதைப் பகிர்ந்துகொண்ட கானியும் நிட்சோனாவும், அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கே பகுதியில், தங்கள் மற்றொரு நாடகத்திற்காகக் கைதுசெய்யப்பட்டனர். அத்தகைய அரங்கின் வலிமையை அதிகாரம் ஐயமறப் புரிந்துகொண்டிருந்தது. ஆகவே சிறையை மேடையேற்ற முனைவோர், எத்தனை கொடுமைகளைக் காட்டலாம் என்பதைவிட, அவற்றைக் காண்பவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.