மலையில் ஒரு மாஸ்கோ, கடலோரத்தில் ஒரு மாஸ்கோ

திருநெல்வேலியில் நாகர்கோவில் பஸ் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், தாமிரபரணிப் பாசனத்தின் பச்சை பின்னால் போய் நாங்குநேரியின் காய்ந்த பூமி வரும். வள்ளியூர் தாண்டினால் மேற்கே ஒரு மலை கூடவே வரும். அது மகேந்திரகிரி. அடிவாரத்தில் இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைப் பற்றவைத்துச் சோதிக்கிறது. இடப்பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கடலோரம் கூடங்குளம் அணுமின் நிலையம். நடுவே நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டின் கதையிலும் மாஸ்கோ உண்டு. "ரஷ்யா நமக்கு எப்பவும் நண்பன்" என்று இந்தப் பக்கத்து டீக்கடையில் யாராவது சொன்னால், எந்த வருஷத்து ரஷ்யா என்று திருப்பிக் கேட்கலாம்.

முதலில் மலை. 1991 ஜனவரியில், சோவியத் யூனியனின் கடைசி வருஷத்தில், கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. கிரையோஜெனிக் எஞ்சின்கள் வரும். அதைச் செய்யும் வித்தையும் கூடவே வரும். விலை 235 கோடி ரூபாய். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரித்து கனமான செயற்கைக்கோளைத் தூக்கும் எஞ்சின் அது. அந்த வருஷம் முடிவதற்குள் ஒப்பந்தம் போட்ட நாடே இல்லாமல் போயிற்று. 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோவுக்கும் கிளாவ்காஸ்மாஸுக்கும் சேர்த்துத் தடை போட்டது. ஏவுகணை செய்துவிடுவார்களாம்! அவ்வளவு குளிர்ந்த எரிபொருளை நிரப்பி வைத்துக்கொண்டு ஏவுகணையைத் தயாராக நிறுத்த முடியாது என்பது துறை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதிய ரஷ்யாவுக்கு அப்போது வாஷிங்டனின் தயவு தேவைப்பட்டது. 1993 ஜூலையில் அது இறங்கி வந்தது. எஞ்சின் தருகிறோம், வித்தை கிடையாது என்றது.

பிறகு நடந்ததெல்லாம் மகேந்திரகிரி அடிவாரத்தில். 2007 நவம்பரில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் பகுதி அங்கே 720 விநாடி நின்று எரிந்தது. 2010 ஏப்ரலில் பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதிதான் ஜெயித்தது. ஒப்பந்தம் போட்டு 23 வருஷம்.

அதைவிடச் சுவையானது 2022-இல் நடந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும், பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களை ஏவ ரஷ்யா மறுத்துவிட்டது; பைகோனூர் போயிருந்த செயற்கைக்கோள்கள் திரும்பி வரவும் இல்லை. ஒன்வெப் இந்தியா பக்கம் வந்தது. அந்த அக்டோபரிலும் அடுத்த மார்ச்சிலும் 36, 36 ஆக 72 செயற்கைக்கோள்களை இஸ்ரோ ஏவிக் கொடுத்தது. ராக்கெட்டின் உச்சியில் இருந்தது நம்மூரில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின். தர மறுத்த ரஷ்யா விட்டுப்போன இடத்தை அது நிரப்பியது.

இனி கடலோரம். 1988 நவம்பர் 20-ஆம் தேதி டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இருக்கும்போது கையெழுத்தானது கூடங்குளம் ஒப்பந்தம். ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு உலைகள். எரிபொருள் சோவியத்திலிருந்து வரும். எரிந்து முடிந்ததை அவர்களே திரும்ப எடுத்துப் போவார்கள். சோவியத் உடைந்ததும் கோப்பு தூங்கிவிட்டது.

1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு வெடித்தது, உலகமே முறைத்தது. அடுத்த மாதம் 21-ஆம் தேதி ரஷ்யா கூடங்குளத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டது. தன் எல்லா அணு நிலையங்களையும் சர்வதேசக் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்று அணு எரிபொருள் தரும் நாடுகள் 1992-இல் விதி செய்திருந்தன. 'எங்கள் வாக்கு 1988-இல் கொடுத்தது, உங்கள் விதி அதற்குப் பின்னால் வந்தது' என்று மாஸ்கோ வாதாடியது. அமெரிக்கா ஆட்சேபித்தும் அசையவில்லை. மலை விஷயத்தில் ஐந்தே வருஷத்துக்கு முன்னால் பணிந்த அதே மாஸ்கோதான்! நட்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆர்டர் இல்லாமல் வாடிய அணுத் தொழிற்சாலைகளுக்கு அப்போது வேலை வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2002-இல் கட்டுமானம் தொடங்கியது. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரையில் பெரும் போராட்டம். 2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. இன்று இரண்டு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஓடும் உலைகளுக்கான எரிபொருள் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ரஷ்யாவைக் கண்டித்தபோது இந்தியா யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றது. ஆயுதம், எண்ணெய் என்று அதற்குப் பல காரணங்களைச் சொன்னார்கள். கூடங்குளத்தைச் சொன்னவர்கள் குறைவு. ஊரெல்லாம் தடை போட்ட அமெரிக்காவே தன் அணு உலைகளுக்கான செறிவூட்டிய யுரேனியத்தில் சுமார் கால்பங்கை ரஷ்யாவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சட்டம் போட 2024 மே வரை ஆயிற்று. அதிலும் 2027 வரை விலக்குக்கு இடம் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே சத்தமில்லாமல் மாறியது ஒன்று உண்டு. பழைய பேச்சுப்படி கப்பலேறிப் போயிருக்க வேண்டிய எரிந்த எரிபொருள், புதிய ஏற்பாட்டில் இந்தியாவிலேயே தங்கும் என்று ஆனது. இப்போது உலைகளை ஒட்டிய குளங்களில் ஆறிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து எடுத்து வைக்க நிலைய வளாகத்துக்குள்ளேயே தனிக் கிடங்கு கட்டத் திட்டம் வந்தது. சுற்றுவட்டார மக்களிடம் கருத்துக் கேட்க 2019 ஜூலை 10-ஆம் தேதி ராதாபுரத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. கூட்டம் தேதி சொல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது.