கனவு இல்லத்துக்கு முதல் காசு யாரு குடுப்பா?

கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களே, ஒரு சின்னக் கணக்கு.

கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்சம். 2030க்குள் 8 லட்சம் வீடு. நல்ல திட்டம், பெருமையாவே சொல்வோம். ஆனா பணம் வேலை ஏற ஏற தவணையாத்தான் வரும். வானம் தோண்ட, கல்லு மணலு இறக்க முதல் காசு கைல இருக்கணும். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போற அக்கா எங்க போவாங்க? வட்டிக்காரர்கிட்டதான்.

பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்குப் போடுற காசைக் கிளைக்கு ஒரு நிதியா வைப்போம். அஸ்திவாரத்துக்குக் கைமாத்து, வட்டி கிடையாது. தவணை வந்ததும் அந்தக் காசு அடுத்த வீட்டுக்குப் போகட்டும். எந்தக் கட்சின்னு யாரும் கேக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை வானம் தோண்ட நானும் வர்றேன். இன்ஜினியரிங் படிச்சவன் மண்வெட்டி புடிக்கிற அழகைப் பாத்துச் சிரிக்காதீங்க.