பூட்டிய அலமாரி

பள்ளியை விட்டோம், படிப்பை விடவில்லை! கரும்பலகை முன் நின்ற காலத்தில் நாம் கண்டதென்ன? மனப்பாடம் செய்தவனுக்குப் பரிசு, 'ஏன்?' என்றவனுக்குப் பிரம்படி. நூல்களுக்கோ பூட்டிய அலமாரி! திறக்கச் சொன்னோம், "பாடத்தை முடியுங்கள்" என்றனர். வெளியேறினோம்.

அரைநாள் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில் என 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி கொணர்ந்தது குலக்கல்வித் திட்டம். நாடு கொதித்தது, 1954-இல் காமராசர் ஆட்சியில் அது மாண்டது. பள்ளிக்குள் பிள்ளையை நுழையவிட்டு, நூலை மட்டும் எட்டாமல் வைப்பது அதே சூழ்ச்சியின் மிச்சமன்றோ?

1948-இலேயே பொதுநூலகச் சட்டம் கண்ட மண் இது! தோழர்களே, பாடநூல் தேர்வுக்கு உதவும்; பகுத்தறிவுக்குப் பிற நூல்களும் வேண்டும். நூலகம் செல்வீர்! உடன் ஒரு சிறுவனையும் அழைத்துச் செல்வீர்!