நாற்று நடுவோர் யார்?



நம் நாச்சியாபுரம் வட்டாரத்தில் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளை உள்ள வீடுகள் பலவற்றில், அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்று இன்றும் இருக்கக் காணலாம். சில வீடுகளில் அது வேலை செய்கிறது. பல வீடுகளில் பரண்மேல் உறங்குகிறது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய அத்திட்டத்தால் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற இலட்சக்கணக்கான மாணவ மாணவியர் பயன் பெற்றனர். என் மூத்த மகளும் ஒன்று பெற்றாள்.

அதை முதன்முதலாகத் திறந்தபோது திரையில் இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று 'பாஸ்'. "அம்மா, இது எதுக்கு?" என்று இரண்டாவதைக் காட்டிக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், கடையிலிருந்த தம்பி, "இது யாருக்கும் தேவைப்படாதுக்கா, சும்மா இடத்தை அடைக்குது" என்று சொல்லி அதை அழித்தே விட்டார். நானும் "சரி தம்பி" என்றேன். அந்தச் 'சரி' தவறு என்று இப்போது எண்ணுகிறேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

'பாஸ்' என்பது ஏதோ முதலாளியின் பெயர் அன்று. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசைச் சேர்ந்த சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் உருவாகி, 2007இல் வெளிவந்த இயக்க முறைமை அது. லினக்சு வகையைச் சேர்ந்தது. அதன் பட்டிகளைத் தமிழிலேயே படிக்கலாம். விலை கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதன் மூல நிரல் திறந்தே கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அதே ஆண்டுகளில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளையே லினக்சுக்கு மாற்றியது. தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கி நின்றது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தத் தம்பி ஏன் அப்படிச் சொன்னார்? புதிய இயக்க முறைமை ஒன்று வந்தால் மட்டும் போதாது. அதன்மேல் நாம் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்கள் ஓட வேண்டும். ஓரிடத்தில் ஓடும் நிரலை எடுத்து வந்து இன்னோரிடத்தில் வைத்தால் அது ஓடாது. நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை அப்படியே வயலில் வீசிவிட்டால் பயிராகுமா? சேறு கலக்கி, ஒவ்வொரு முடியாகப் பிரித்து, விரலால் ஊன்ற வேண்டும். மென்பொருளைப் பெயர்த்து நடுவதும் அவ்வாறே.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். தாளில் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யுனிகோடு முறையில் கணிப்பொறிக்குள் இருப்பவையோ இரண்டே குறிகள்: 'க' ஒன்று, 'ஒ'காரக் குறி ஒன்று. குறியை இரண்டாக உடைத்து எழுத்தின் இருபுறமும் நிறுத்துவதற்குத் தனியே ஒரு நிரல் வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் போய் நிற்கும். விசைப்பலகையும் அப்படித்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வருகின்றன. அழகான ஏற்பாடு. அந்த முறையில் தட்டச்சிட, 'தமிழா!' என்ற தன்னார்வக் குழுவினர் 'எ-கலப்பை' என்ற கருவியை விண்டோசுக்கு அளித்தனர். அதன் தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்ற விண்டோஸ் நிரலின் துணையோடு ஓடியவை. ஆகவே அந்தக் கலப்பையை அப்படியே லினக்சு வயலில் பூட்ட முடியவில்லை. அங்கே அதே 'தமிழ் 99' முறைக்கு வேறொரு அட்டவணையை வேறு சிலர் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

அந்த 'வேறு சிலர்' எத்தனை பேர் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விண்டோசுக்கு எழுத உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கூலியும் இருக்கிறது. சிறிய மேடைக்கு மாலை நேரத்தில் விருப்பத்தோடு உழைக்கும் நான்கைந்து பேர் கிடைத்தாலே பெரிது. அவர்களில் ஒருவருக்கு வேலை மாற்றம் வரும்; ஒருவருக்குக் குழந்தை பிறக்கும். நிரலோ ஒருமுறை நட்டால் முடிந்துவிடும் வேலை அன்று. பைத்தான் என்ற நிரல் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு நின்றது. அதில் எழுதப்பட்ட நிரல்களை மூன்றாம் பதிப்புக்கு மாற்றிக் கொடுக்கக் காப்பாளர் இருந்தவை பிழைத்தன. இல்லாதவற்றில் பல, 2021இல் வந்த டெபியன் 11இல் இடம்பெறவில்லை. 'பாஸ்' கட்டப்பட்டது இந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டுதான். யாரும் சதி செய்து அந்த நிரல்களை நீக்கவில்லை. கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவே. நம் ஊரணிகள் சில தூர்ந்து போனதும் இப்படித்தானே!

பெற்றோர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "அலுவலகங்களில் விண்டோஸ்தானே கேட்கிறார்கள்? பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி. விண்டோசைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பராமரிப்பை அதன் உரிமையாளர் நிறுத்தியபோது, பழைய கணிப்பொறிகளை வைத்திருந்த அலுவலகங்கள் கையைப் பிசைந்து நின்றன. 'பாஸ்' பக்கம் பாருங்கள் என்று தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குச் சொன்னது அப்போதுதான். அவசரத்தில் தேடிய ஒன்றை நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை நடத்தக் கற்றுத் தர ஆள் வைக்கவில்லை என்பதே என் குறை.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கி, படிப்படியாகப் பள்ளிகள் அனைத்தையும் திறந்த மூல மென்பொருளுக்குக் கொண்டு வந்தனர். மென்பொருளைத் தருவதோடு நிற்காமல் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். மலையாள எழுத்துக்கான வேலைகளை 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தன்னார்வக் குழு 2002 முதல் கவனித்து வருகிறது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிதோறும் மாணவர் மன்றமே தொடங்கிவிட்டார்கள். ஏன், கேரளம் வரை போவானேன்? நமக்குப் பக்கத்தில் குன்றக்குடியில், அடிகளார் முன்னின்று நடத்திய கிராமத் திட்டத்தில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் தங்கள் நுட்பத்தைக் கிராமத்தாருக்குக் கைப்பழக்கமாக்கித் தந்தார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் மடிக்கணினியோடு வரவில்லை.

இனி மாணவியருக்கு ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டு, 'க்னோம்' என்ற மேசைத்தளத்தை (கணிப்பொறியைத் திறந்ததும் நாம் காணும் திரைச் சூழலை) உருவாக்கும் குழு, கோடைக்காலப் பணிக்கு மாணவர்களை அழைத்தது. 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெண்ணிடமிருந்து வந்தது ஒன்றுகூட இல்லை! குழுவினர் வெட்கப்பட்டு, பெண்களுக்கென்றே தனி அழைப்பு விடுத்தனர். உடனே நூறு பேர் போல விண்ணப்பித்தனர். ஆறு பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது. முன்னர் பெண்கள் எங்கே போயிருந்தார்கள்? அங்கேயேதான் இருந்தார்கள், தங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள் என்று நினைக்கவில்லை. தமிழிலும் பாருங்கள்: 2012இல் தொடங்கிய 'கணியம்' என்ற கணித்தமிழ் இதழில், எளிய தமிழில் மென்பொருள் நூல்களை எழுதியவர் து. நித்யா என்ற பெண்மணி.

ஆகவே நம் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி அறையில் ஒரே ஓர் இயந்திரத்தை லினக்சுக்கு ஒதுக்குங்கள். வாரம் ஒரு பாடவேளை போதும். எட்டாம் வகுப்பு மாணவியும் செய்யக்கூடிய வேலை அதில் உண்டு: ஒரு நிரலைத் திறந்து, தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தெரிகின்றனவா என்று பார்த்து, பிழையைக் குறித்து அனுப்புவது, பட்டிச் சொற்களைத் தமிழாக்குவது. ('சாளரம்' என்று எழுதினால் என் இளைய மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், 'ஜன்னல்' என்று எழுதினால் தமிழாசிரியை விடுவாரா? இதையும் அவர்களே கூடிப் பேசித் தீர்க்கட்டும்.) இவை பெயர்த்து நடும் வேலை முழுவதும் ஆகிவிடா. ஆனால் பத்துப் பேர் இதில் இறங்கினால், "இது ஏன் இப்படித் தெரிகிறது?" என்று மூல நிரலுக்குள் எட்டிப் பார்க்க ஒருத்தி கிளம்புவாள். அந்த ஒருத்திக்காகத்தான் கேட்கிறேன்.

என் மூத்த மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சென்ற விடுமுறைக்கு வந்தவள் பரணிலிருந்த மடிக்கணினியை இறக்கித் துடைத்து, தானே லினக்சை ஏற்றினாள். ஒரு சிறிய எழுதும் நிரலில் 'கௌ' என்று அடித்தால், வரியின் ஓரத்தில் கொம்பு மேலே நிற்க, மற்றது அடுத்த வரியில் போய் விழுந்தது. அதைப் படம் பிடித்து, அந்த நிரலின் காப்பாளருக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. திருத்திவிட்டாராம். அவருக்குத் தமிழ் தெரியாததால், சரியாக வருகிறதா என்று தமிழ் படிக்கத் தெரிந்த இன்னும் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டுமாம்.