ஒரே ஓஃபிஸுக்கு இரண்டு தடவை காசா?

 

வினாத்தாள், புள்ளிப் பட்டியல், பாடக் குறிப்பு எல்லாமே இப்போது எங்கள் வீட்டுக் கணினிகளில்தான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய கணினியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கும் ஆசிரியர்கள் பலர். வாங்கியதும் வரும் முதல் கேள்வி: "பழையதில் காசு கொடுத்துப் போட்ட ஓஃபிஸை இதற்கு மாற்றலாமா?"

கடையில் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, "புதுசா வாங்குங்க சேர்." மற்றது, "கிரெக் போட்டுத் தாறோம் டீச்சர், யாருக்குத் தெரியப் போகுது?" இந்த இரண்டும் எங்களுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ஓஃபிஸ் அனுமதி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கணினியோடு சேர்ந்து வந்தது அந்தக் கணினிக்கே உரியது, மாற்ற முடியாது. தனியாக ஒரு தடவை காசு கட்டி வாங்கிய 2019, 2021 போன்றவை ஒரு கணினிக்கு மட்டும்தான். ஆனால் எங்களுடைய இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம், 90 நாட்களுக்கு ஒரு தடவை. கணினி பழுதாகிவிட்டால் அந்த 90 நாள் கணக்கும் இல்லை. சந்தா கட்டும் மைக்ரோசொப்ட் 365 என்றால் ஒருவர் ஒரே நேரத்தில் 5 சாதனங்களில் பாவிக்கலாம்.

மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. பென் டிரைவில் கொப்பி பண்ணினால் ஓஃபிஸ் வராது. பழைய கணினியிலிருந்து அதை நீக்கிவிட்டு, வாங்கும்போது பதிந்த அதே மின்னஞ்சல் கணக்கால் புதியதில் உள்நுழைந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைக் கடைக்காரர் தன் பெயரில் திறந்திருந்தால்தான் சிக்கல். காசு எங்களுடையது, சாவி அவர் கையில்!

இந்த மாற்றும் உரிமைகூடச் சும்மா வந்ததல்ல. ஓஃபிஸ் 2013 வெளிவந்தபோது, முதலில் போட்ட கணினியை விட்டு மாற்றவே கூடாது என்றுதான் விதி இருந்தது. வாங்கியவர்கள் எதிர்த்துக் கேட்டார்கள். அதே வருடம் மார்ச்சில் மைக்ரோசொப்ட் விதியை மாற்றியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

கிரெக் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் பார்த்தெழுதாதே என்று சொல்லும் நாங்கள், அடுத்தவர் உழைப்பைக் களவாக எடுத்து அந்த வகுப்புக்கே வினாத்தாள் அடிப்பது சரியா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. அதைவிட, கிரெக் போடுகிறவர் அநேகமாக முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார். பிறகு அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

கையில் காசு இல்லையென்றால்? லிப்ரே ஓஃபிஸ் இருக்கிறது. 2010இல் தொடங்கியது, முற்றிலும் இலவசம். இரண்டு கணினி என்ன, பாடசாலை முழுவதற்கும் போடலாம். வேர்ட், எக்செல் கோப்புகளையும் திறக்கும். சில இடங்களில் அட்டவணை கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களை மட்டும் கவனியுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இனி யுனிகோட்டில் அடிப்பதே நல்லது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. கடைக்காரச் சகோதரர்களே, பற்றுச்சீட்டில் "ஓஃபிஸ்" என்று மட்டும் எழுதாமல், எந்த வகை, மாற்றலாமா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாங்கும் உறவுகளே, அதைக் கேட்டு வாங்குங்கள்; கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே திறக்கச் சொல்லுங்கள்.

கஷ்டப்பட்டு உழைத்த காசு. ஒரே பொருளை இரண்டு தடவை வாங்கவும் வேண்டாம், ஒரு தடவைகூடக் களவெடுக்கவும் வேண்டாம்.